பெண்மான் மட்டும்

மான் சுட ஒரு துண்டு நிலம் கேட்டு றொனால்ட் நாற்பத்தொரு கடிதம் எழுதினான். தான் இருந்த லண்டன் மிச்சம் பகுதியிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் காரில் போகக்கூடிய பண்ணைகளின் விலாசங்களைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மகள் பெனிற்றாவைக் கொண்டு இங்கிலிஷைத் திருத்தி அனுப்பினான். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். ஒருவர் தன் மருமகன் சுடுகிறான் என்றார். ஒருவர் இன்சூரன்ஸ் விடாது என்றார். மற்றவர்கள் காரணம் எழுதவில்லை.

அவனுக்கு ஐம்பத்துநாலு வயது. பிறந்தது மன்னார். இருபத்தொரு வருடம் டென்மார்க்கில் இருந்தவன். அங்கே ஜன்னல் செய்யும் பக்டறியில் கூட வேலைசெய்தவர்கள் ஒருநாள் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அதோடு பிடித்த பைத்தியம். சோதினை எடுத்து லைசன்ஸ் வாங்கினான். சனிக்கிழமைகளில் வீட்டில் நிற்கமாட்டான். இரண்டு வருடம் கழித்து அவன் மனைவி றோஸ்மலரும் அதே சோதினையை எடுத்துப் பாஸ் பண்ணினாள். அவள் அப்போது பன்றி வெட்டும் பக்டறியில் கத்தியோடு நின்றவள். துவக்குப் பிடிக்கப் பழக்கியது றொனால்ட்தான். ஆரிடமாவது வேட்டைக் கதை வந்தால் அதை அவன் சொல்லாமல் விட்டதில்லை.

மகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்து எட்டு வருடம். அவன் வீடுகளுக்குப் புது ஜன்னல் பூட்டுகிற வேலை செய்கிறான். றோஸ்மலர் ரூட்டிங்கில் ஞானேஸ்வரனின் இறைச்சிக்கடையில் வெட்டுகிறாள். வந்த நாளிலிருந்து அவன் தேடியது நிலம். இங்கே சட்டம் வேறுமாதிரி. துவக்கு லைசன்ஸுக்குப் பொலிஸிடம் போனால் எங்கே சுடப்போகிறாய், நிலச்சொந்தக்காரரின் கடிதத்தைக் காட்டு என்பார்கள். நிலச்சொந்தக்காரரிடம் போனால் லைசன்ஸைக் காட்டு என்பார்கள்.

கடிதம் சரிவராததால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நேரே போய்க் கதவு தட்டத் தொடங்கினான். ஒரு பண்ணையில் கதவைத் திறந்த பெண், பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அவன் கையில் இருந்தது டென்மார்க் லைசன்ஸும், இங்கே எடுத்த மான் வேட்டைச் சான்றிதழும் வைத்த பைல்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, குரோலியில் ஒரு புதுநன்மைக் கொண்டாட்டத்துக்குப் போகும் வழியில், சசெக்ஸ் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் காரைத் திருப்பினான். றோஸ்மலர் பட்டுச் சேலைக்கு மேலே கோட் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

“பத்து நிமிசம்தான். நீர் காருக்குள்ள இரும்,” என்றான்.

தோட்டக்காரனின் பெயர் அலன். அறுபது வயதிருக்கும், சேற்றுச் சப்பாத்தோடு களஞ்சியத்து வாசலில் நின்றான். றொனால்ட் பைலைத் திறந்து பேசத் தொடங்கினான். அலன் கேட்டுக்கொண்டுதான் நின்றான். ஆனால் அவன் கண் களஞ்சியத்துக்குள் போய்ப் போய் வந்தது. உள்ளே ஒரு பெண்மான் தொங்கியது. காலையில் வேலியில் சிக்கிக் கால் முறிந்து கிடந்ததை அயலவன் சுட்டுத் தந்துவிட்டுத் தேவாலயத்துக்குப் போய்விட்டானாம்.

காருக்குள் குளிர் தாங்காமல் இறங்கி வந்த றோஸ்மலர் மானைக் கண்டதும் நேரே உள்ளே போனாள்.

“எத்தனை மணிக்குச் சுட்டது?” என்று இங்கிலிஷில் கேட்டாள்.

“எட்டு மணி.”

“இப்ப பதினொண்டரை. இன்னும் குடல் எடுக்கவில்லை. இறைச்சி பழுதாய்ப் போகும். கத்தி இருக்கிறதா?”

அலன் கத்தியும் ஒரு றப்பர் ஏப்ரனும் கொண்டுவந்தான். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏப்ரனைக் கட்டினாள். கால் மணித்தியாலம் ஆகவில்லை. குடல் வாளிக்குள் இருந்தது. ஈரலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்துக் கழலைகளை அறுத்துப் பார்த்தாள். “வருத்தமில்லாத மான். சாப்பிடலாம்,” என்றாள். சேலையில் ஒரு துளிகூடப் படவில்லை.

“நீயும் சுடுவாயா?” அலன் கேட்டான்.

அவள் றொனால்டைப் பார்த்தாள். பிறகு, “ஓம், சுடுவேன்,” என்றாள்.

அலன் விஷயத்தைச் சொன்னான். கொம்புமான்கள் அவனுடைய மச்சானுக்கு. அதில் ஆரும் கைவைக்கக்கூடாது. தோட்டத்தை அழிப்பது மான்களின் தொகைதான், தொகையைக் குறைக்கப் பெண்மான்தான் சுடவேண்டும். கார்த்திகையிலிருந்து பங்குனி முடிய, பதினாறு பெண்மான். கடிதத்தில் ஒரு பெயர்தான் போடுவான். ஏதும் நடந்தால் ஒரு ஆளைத்தான் கூப்பிடுவேன் என்றான். இருவரின் பெயரையும் விலாசத்தையும் குறித்துக்கொண்டான். கடிதம் வியாழக்கிழமைக்குள் தபாலில் வரும்.

குரோலிக் கொண்டாட்டத்தில் றொனால்ட் தனக்கு நிலம் கிடைத்துவிட்டதென்று ஒரு மேசை முழுவதற்கும் சொன்னான். வியாழக்கிழமை கடிதம் வந்தது. உறையிலும் உள்ளேயும் மிஸிஸ் றோஸ்மலர் என்றிருந்தது.

அவன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மேசையில் வைத்தான்.

“இஞ்சேருங்கோ, நான் போன் பண்ணி உங்கட பேருக்கு மாத்தச் சொல்லிக் கேக்கட்டே?” என்றாள் றோஸ்மலர்.

“வேண்டாம். மனுசன் விரும்பித் தந்திருக்கு. ஆற்ற பேரில இருந்தா என்ன,” என்றான். அந்தக் குரலைக் கேட்டு அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் இன்னொருதரம் கேட்பாள் என்று அவன் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டால் ஓம் என்று சொல்ல இருந்தான்.

லைசன்ஸுக்கு அவள் விண்ணப்பித்தாள். துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டியைப் படிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் சுவரோடு பூட்டிக் கொடுத்தது றொனால்ட்தான். ஆடியில் ஒரு பொலிஸ்காரி வீட்டுக்கு வந்தாள். பெட்டியை இழுத்துப் பார்த்து நல்ல வேலை என்றாள். பிறகு றொனால்டிடம், மனைவி துவக்கு வைத்திருப்பதில் உனக்கு ஏதும் ஆட்சேபம் உண்டா என்று கேட்டாள். ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. இல்லை என்றான். அவள் றோஸ்மலரின் பக்கம் திரும்பி, பெட்டிப் பூட்டின் திறப்பு எங்கே இருக்கிறதென்று உன்னைத் தவிர ஆருக்கும் தெரியக்கூடாது, கணவருக்கும்தான், என்றாள்.

புரட்டாதியில் துவக்கு வந்தது. தன் வீட்டில், தான் சுவரில் பூட்டிய பெட்டியில் ஒரு துவக்கு இருக்க, அதன் திறப்பு எங்கேயென்று தெரியாமல் வாழ்வது றொனால்டுக்குப் பழகவில்லை. ஒருநாள் மாதா சுரூபத்துக்குப் பின்னால் கைவிட்டுத் தடவிக்கொண்டு நின்றதை அவனே உணர்ந்து கையை எடுத்தான்.

கார்த்திகை முதற் சனிக்கிழமை விடியமுன் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். அவள் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திராட்சை நிரைகளுக்கு நடுவால் கீழ்க்காட்டை நோக்கி நடந்தாள். அவன் காருக்குள் இருந்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். மேற்குப் பக்கத்தால் போயிருக்கவேண்டும், இவள் நேரே போகிறாள், மான் மணம் பிடித்துவிடும் என்று நினைத்தான். அப்படி நடந்தால் நல்லது என்றும் நினைத்தான். ஏழு இருபதுக்கு ஒரு வெடி கேட்டது. ஒன்றேயொன்று. தப்பியிருந்தால் இரண்டாவது கேட்கும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தான். போனில் ‘வாங்கோ’ என்று செய்தி வந்தது.

நல்ல கொழுத்த மான். குண்டு நெஞ்சில் சரியான இடத்தில் பட்டிருந்தது. இரண்டு பேருமாய்க் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். அலன் நாலுசக்கர மோட்டார் சைக்கிளில் வந்து அவளுடைய கையைக் குலுக்கினான். றொனால்டைப் பார்த்து, “காரில் ஹீட்டர் வேலை செய்கிறதா?” என்று விசாரித்தான்.

மார்கழி முடிவதற்குள் அவள் ஒன்பது சுட்டாள். கோயிற் பங்கின் கிறிஸ்மஸ் விருந்துக்கு மான்கறி அவளுடையதுதான். கடையில் ஞானேஸ்வரன் வருகிற சனத்துக்கெல்லாம், “எங்கட றோஸக்கா மான் சுடுறவ,” என்று சொல்லத் தொடங்கினான். ஒருநாள் அவளைக் கூட்டிவரக் கடைக்குப் போன றொனால்டிடம், இறைச்சி வாங்க நின்ற ஒருவர், “அண்ணை, நீங்கள் சுடப் போறேல்லையோ?” என்று கேட்டார்.

“நான் காரில கூட்டிக்கொண்டு போறனான்.”

“அப்ப நீங்கள் டிறைவர்.”

எல்லாரும் சிரித்தார்கள். றொனால்டும் சிரித்தான். திரும்பி வரும்போது றோஸ்மலர் கடைக்கதை ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் காதில் ஒன்றும் விழவில்லை. நாற்பத்தொரு கடிதம் எழுதியது தான், கதவு தட்டியது தான், இவள் ஒரு மானின் குடலை எடுத்ததைத் தவிர என்ன செய்தாள் என்று திரும்பத் திரும்ப நினைத்தான். அவளுக்கு ஒரு சூடாவது தப்பியிருந்தால் தாங்கியிருப்பான். ஒன்றும் தப்பவில்லை.

தைப்பொங்கலுக்கு முதல் வாரம் கடையில் வேலை கூட. அவசரத்தில் அவள் போனைக் குசினிமேசையில் மறந்து வைத்துவிட்டுப் போனாள். அன்று றொனால்டுக்கு மத்தியானம்தான் வேலை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அலனின் செய்தி. ஏழெட்டுப் பெண்மான் தினமும் கீழ்த்தோட்டத்துக்கு வருகிறது, இந்தச் சனிக்கிழமை வரமுடியுமா, இன்றைக்குச் சொல், இல்லாவிட்டால் வேறு ஆளைக் கேட்கவேண்டும் என்றிருந்தது.

போனைத் திறக்கும் இலக்கம் பெனிற்றாவின் பிறந்ததிகதி. அவனுக்குத் தெரியும். செய்தியைத் திறந்து இன்னொருதரம் வாசித்தான். பிறகு எழுதினான்: ‘மன்னிக்கவும். இனி எனக்கு நேரமில்லை. வேறு ஆளைக் கேளுங்கள்.’ அனுப்பினான். விளங்குகிறது, நன்றி என்று அலன் பதில் போட்டான். மூன்றையும் அழித்தான். போனை அவள் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கோப்பையைக் கழுவினான்.

வேலைக்குப் போகும் வழியில் மனம் லேசாக இருந்தது. அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, இனி இரண்டு பேரும் சமன் என்று நினைத்தான்.

பொங்கல் வேலை முடிந்த அடுத்த சனிக்கிழமை அவள் வழக்கம்போல வெளிக்கிட்டாள். ஏதாவது சாட்டுச் சொல்லி மறிக்கலாமென்று பார்த்தான், கடைசியில் காரை எடுத்தான். தோட்டத்துப் படலையடியில் வேறொரு ஜீப் நின்றது. பச்சை உடுப்போடு ஒரு வெள்ளைக்காரன் பின்கதவைத் திறந்து மானொன்றை ஏற்றிக்கொண்டிருந்தான். அலன் வந்தான். காரின் கண்ணாடி இறங்கியிருந்ததால் றொனால்டுக்கு எல்லாம் கேட்டது.

“உனக்கு இனி நேரமில்லை என்று எழுதினாயே. இவருக்குச் சீசன் முடியுமட்டும் கொடுத்துவிட்டேன்.”

றோஸ்மலர் போனை எடுத்துப் பார்த்தாள். விரலால் மேலும் கீழும் தள்ளினாள். பிறகு தலையை நிமிர்த்திக் காரைப் பார்த்தாள். றொனால்ட் ஸ்ரியறிங்கைப் பார்த்தான்.

“ஓம், எழுதினனான். மறந்துபோனேன். மன்னிக்கவேணும்,” என்று அலனுக்குச் சொன்னாள்.

லண்டன் ஓரத்துப் பேர்லி வரை கார் ஓடியது. சிவப்பு லைற்றில் நின்றபோது கேட்டாள்.

“ஆர் அனுப்பினது எண்டு கேக்கேல்ல. ஏன் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு.”

“என்ன பொறுக்கேலாமல்? நான் சுடுறதோ, நான் நல்லாச் சுடுறதோ?”

லைற் பச்சையானது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

“டென்மார்க்கில நீங்கள் சனிக்கு சனி போகேக்க எனக்கும் எரிச்சல்தான் வந்தது,” என்றாள். “வீட்டில தனிய இருந்து யன்னலைப் பாத்துக்கொண்டு எரிஞ்சிருக்கிறன். பிறகு போய்ச் சோதினை எடுத்தன். உங்கட துவக்கை நான் ஒளிச்சு வைக்கேல்ல.”

அதற்குப் பிறகு அதைப்பற்றி அவள் ஒரு சொல்லும் எடுக்கவில்லை. சமைத்தாள், பூசைக்கு வந்து வழக்கமான வாங்கில் பக்கத்தில் இருந்தாள், பெனிற்றா போன் எடுத்தால் சிரித்துக் கதைத்தாள். சனிக்கிழமைகளில் கடையில் மேலதிக ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். றொனால்ட் நினைத்த சமன் வரவில்லை. சனிக்கிழமை விடியற்புறங்களில் முழிப்பு வந்துவிடும். அந்த ஜீப்காரன் இப்போது எந்த நிரையில் நிற்பான் என்று யோசித்துக்கொண்டு கிடப்பான். மனைவிமேல் இருந்த எரிச்சல் முகம் தெரியாத அந்த மனிதன் மேலும் சேர்ந்தது. அவள் ஒன்பது சுட்ட காட்டில் இன்னொருவன் சுடுவது ஏனோ அவனுக்கு இன்னும் கூடக் கசந்தது.

மூன்று கிழமை போனபின், ஒரு புதன்கிழமை, அரைநாள் லீவு போட்டுவிட்டு வேலை வானிலேயே தோட்டத்துக்குப் போனான். அலன் திராட்சைக்கொடி வெட்டிக்கொண்டிருந்தான்.

“அந்தச் செய்தியை எழுதியது என் மனைவி இல்லை. நான்,” என்றான் றொனால்ட். “அவவுக்கு அது அப்போது தெரியாது. எனக்குப் பொறாமை.” பொறாமைக்கு இங்கிலிஷ் சொல்லைத் தேடித்தான் சொன்னான்.

அலன் கத்தரியை மடக்கினான். “வீட்டில் துவக்கு பத்திரமாக இருக்கிறதா?”

“திறப்பு அவவிடம். எங்கே என்று எனக்குத் தெரியாது.”

“உங்கள் வீட்டு விஷயம் எனக்கு வேண்டாம். ஆனால் பொய் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இரண்டு பேருமே எனக்குப் பொய் சொன்னீர்கள். அவள் தான் எழுதியதாகச் சொன்னாள்.”

அலன் இரண்டு கொடி வெட்டினான். பிறகு சொன்னான், ஜீப்காரன் வாகனம் போகிற இடத்தில் மட்டும்தான் சுடுகிறான், கீழ்க்காட்டுப் பள்ளத்துக்குள் இறங்குகிறானில்லை, மான் முழுக்க அங்கேதான் போய்க் கிடக்கிறது. அவளை எனக்குப் போன் பண்ணச் சொல். நீ இல்லை, அவள்.

றொனால்ட் வந்து சொல்ல, றோஸ்மலர் அன்றிரவு குசினியில் நின்று அலனோடு போனில் பேசினாள். அடுத்த சனிக்கிழமை விடியமுன் கார்த் திறப்பை எடுத்தாள். சப்பாத்துப் போடத் தொடங்கிய றொனால்டிடம், “நீங்கள் வரவேண்டாம்,” என்றாள்.

நாலு சனிக்கிழமை அவள் தனியே போனாள். முதல்நாள் வெறுங்கையோடு வந்தாள். அவன் அதற்குச் சந்தோசப்பட்டான். சந்தோசப்பட்டதைக் காட்டாமலிருக்கத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒன்று கொண்டுவந்தாள். கடைசி முறை மானைக் காரிலிருந்து இறக்கக் கூப்பிட்டபோது அவளுடைய உள்ளங்கையில் கயிறு அறுத்த காயத்தைக் கண்டான். நிமிரமுடியாமல் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் ஒரு கடதாசியை மேசையில் வைத்தாள். அலனின் கையெழுத்து இருந்தது. றோஸ்மலர் பக்கத்தில் நிற்கும்போது, அவளுடைய துவக்கை இரவல் வாங்கிக் கணவர் அந்த நிலத்தில் சுடலாம் என்று எழுதியிருந்தது.

“இப்பிடிச் செய்யச் சட்டம் விடுது. நான் பொலிஸிட்ட விசாரிச்சனான்,” என்றாள்.

“ஏன் கேட்டனீர்?”

“உங்களுக்காகக் கேக்கேல்ல. அந்தப் பள்ளத்துக்குள்ள இருந்து தனிய இழுத்தா என்ர இடுப்பு நாரி போயிடும்.”

“அப்ப நான் இழுக்க மட்டும் வாறன்.”

“சும்மா இழுக்க வந்தா மூஞ்சியைத் தூக்கிவச்சுக்கொண்டு நிப்பீங்கள். எனக்கு அதையும் இழுக்க ஏலாது.”

பங்குனிக் கடைசிச் சனிக்கிழமை இருவரும் போனார்கள். பள்ளத்து விளிம்பில் விழுந்து கிடந்த மரமொன்றின் பின்னால் ஈரத்தில் படுத்தார்கள். துவக்கை அவள் கொடுத்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு காட்டில் கையில் வந்தது, அவன் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. பிடியில் அவளுடைய கன்னம் பட்டுப் பட்டு ஒரு இடம் மினுங்கியிருந்தது. அதைக் கண்டதும் மறுபடியும் எரிந்தது. இந்த ஒரு சூட்டுக்கும் அவள் பக்கத்தில் நிற்கவேண்டும், அவள் தரவேண்டும், அலன் எழுதவேண்டும்.

மூன்று மான் வந்தன. முன்னுக்கு வந்தது இளம் கொம்பன்.

“அது இல்லை,” என்றாள் அவள் மெதுவாக.

“தெரியும்.”

பின்னுக்கு வந்த பெண்மான் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தான். மூச்சை விட்டான். சுட்டான். மான் ஒருதரம் துள்ளி, பத்தடி ஓடி விழுந்தது.

வெடி கேட்டு அலன் விளிம்புவரை வந்தான். பள்ளத்துக்குள் இறங்கி மானைப் பார்த்தான். நெஞ்சில் இருந்த துளையைச் சப்பாத்து நுனியால் காட்டினான். “றோஸ், உன்னுடைய சூடு எப்போதும் ஒரே இடம்தான்,” என்றான்.

றொனால்ட், தானே சொன்னால் கேவலமாயிருக்கும் என்று நின்றான். சீசன் முடிய இரண்டு நாள் இருந்தது. அலன் இப்படியே நினைத்துக்கொண்டு போய்விட்டால் அடுத்த வருடக் கடிதமும் அவளுடைய பெயரில் உறுதி. அவள் பேசாமல் நின்றாலே போதும்.

“நான் இல்லை. அவர் சுட்டது,” என்றாள் றோஸ்மலர்.

அலன் திரும்பி அவனைப் பார்த்தான். நல்ல சூடு என்றான். கையை நீட்டினான். றொனால்ட் குலுக்கினான். ஒன்பது வருடமாக அவன் கேட்க விரும்பிய வார்த்தை அது. கேட்டபோது அவனால் அலனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுடைய இடத்தில் தான் நின்றிருந்தால் அதைச் சொல்லியிருப்பானா என்று யோசித்தான். சொல்லியிருக்கமாட்டான்.

றோஸ்மலர் துவக்கை வாங்கிக் குண்டை எடுத்துவிட்டு மரத்தில் சாய்த்தாள். கத்தியை உறையிலிருந்து எடுத்தாள்.

“காலைப் பிடியுங்கோ,” என்றாள்.

அவன் குனிந்து மானின் பின்னங்கால்களைப் பிடித்தான்.